மூக்குக்கடியில் ஒரு சொட்டு மெந்தால்

போன ஞாயிற்றுக்கிழமை நாமக்கல்லில் என் அக்கா மகள் சுகன்யா வீட்டுக்குப் போயிருந்தேன். அவளுடைய மூன்று மாதப் பெண் குழந்தைக்குச் சளி. மூக்கடைத்து, பால் குடிக்க முடியாமல் சிணுங்கிக்கொண்டிருந்தாள்.

எனக்குத்தான் கை சும்மா இருக்காதே! பையில் எப்போதும் ஒரு குப்பி இருக்கும். புதினா உப்பு, ஓம உப்பு, பச்சைக் கற்பூரம் — மூன்றையும் கலந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் தானாக உருகி எண்ணெயாகிவிடும். அந்த வேடிக்கைக்காகவே நானே தயாரிப்பேன். தலைவலி, ஜலதோஷம் என்று யார் சொன்னாலும் குப்பியை நீட்டிவிடுவேன்.

சுகன்யா வெந்நீர் வைக்க உள்ளே போனாள். குழந்தையின் மூக்குக்கடியில் ஒரு சொட்டு தடவினேன். புதினாதானே... என்ன செய்துவிடும்?

குழந்தை ஒரு தரம் விக்கினாள். அப்புறம் சத்தமே இல்லை. வாய் திறந்திருக்கிறது, மூச்சு வரவில்லை. உதட்டோரம் நீலம் பாய்ந்தது.

"மாமா! என்னுங்க பண்ணுனீங்க?"

ஓடி வந்த சுகன்யா துப்பட்டாவால் மூக்கைத் துடைத்தாள். குழந்தையை வாரிக்கொண்டு காருக்கு ஓடினாள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

"அழு சாமி... அழுதுரு சாமி..." பின் சீட்டில் அவள் கெஞ்சினாள். குழந்தையை அழச் சொல்லி ஒரு தாய் கெஞ்சி அன்றைக்குத்தான் கேட்டேன்.

தெருமுனை திரும்புவதற்குள் 'வீல்' என்று ஒரு அலறல். அப்பாடா!

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெடுநேரம் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். குழந்தையின் மூக்கருகே முகர்ந்து பார்த்தார். "பயமில்லீங்க. நல்லா மூச்சு விடறா. இதத் தடவுனது யாரு?"

"நான்தானுங்க."

"பெரியவங்களுக்குச் சரி. மெந்தால்ங்கற புதினா உப்பு மூக்கத் திறக்கறதில்லீங்க... குளிருதுன்னு நரம்புகிட்டப் பொய் சொல்லுது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு அதுல மூச்சே நின்னுரலாம். கற்பூரமும் ஆகாது. உப்புத்தண்ணிச் சொட்டு மருந்து போதும்."

பிறகு என் வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். நாம் சட்னிக்கு அரைக்கும் புதினாவின் வாசனைக்குக் காரணம் பெரும்பாலும் கார்வோன் என்ற பொருளாம். புதினா உப்பு என்கிற மெந்தால் வருவது வேறொரு வகைப் புதினாவிலிருந்து. அதுவும் எண்ணெய் வடித்து, குளிரவைத்து, படிகமாகப் பிரித்தெடுத்தது. எத்தனையோ இலைகளின் காரம் ஒரு சொட்டில்! இத்தனை வருஷமாக இரண்டும் ஒன்றென்றே நினைத்திருக்கிறேன். பேர் தெரிந்த பொருள் என்றால் குணமும் தெரியும் என்று நாமே முடிவு செய்துகொள்கிறோம், இல்லையா?

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து சுகன்யா வீட்டுக்குத்தான் முதலில் திரும்பினோம். நான் குப்பியை எடுத்துக் குப்பைத்தொட்டியில் போட்டதை அவள் பார்த்தாள். "கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க மாமா" என்றாள். கழுவிவிட்டு வந்தேன். குழந்தையை என் மடியில் கொடுத்தாள்.

உடனே குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தாள். அழட்டும்... அதைவிட நல்ல சங்கீதம் எனக்குத் தெரியாது!