பெயர் ஒட்டிய தட்டங்கள்

ஞாயிறு, மாலை 4.20. ஒமாஹா விமான நிலையத்தில் என் பெட்டியைத் தூக்கிப் பார்த்த சித்தி, "என்னடி, கல்லோ கொண்டு வந்தனீ?" என்று கேட்டார். கல் அன்று, லண்டனில் அப்டன் பார்க் கடையில் அம்மா வாங்கித் தந்த நான்கு கிலோ வறுத்த பயற்றம் மா. அத்துடன் அம்மா ஒரு பொறுப்பையும் தந்திருந்தார். சித்தி அம்மாவின் ஒரே தங்கை. அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் மருத்துவராக இருக்கிறார். ஒப்பந்தம் ஆகஸ்டில் முடிகிறது. லண்டன் மருத்துவமனை ஒன்று அவருக்கு வேலை தர முன்வந்திருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். "ஓம் எண்டு சொல்ல வைச்சிட்டு வா" என்று அம்மா என்னிடம் சொல்லியிருந்தார்.

சித்தியின் ஊர் விமான நிலையத்திலிருந்து 160 மைல். முழங்கால் உயரச் சோளப் பயிருக்கு நடுவே சாலை ஒரு வளைவும் இல்லாமல் ஓடியது. மலையோ கட்டடமோ தடுக்காததால் வானம் இரு பக்கமும் தரைவரை இறங்கியிருந்தது. எதிரே வந்த ஒவ்வொரு வண்டியின் ஓட்டுநரும் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினார். சித்தியும் உயர்த்தினார்.

"ஆர் சித்தி அது?"

"தெரியாது."

"பிறகேன் விரலைத் தூக்கிறியள்?"

"தூக்காட்டி, டாக்டருக்கு என்ன கோவமோ எண்டு நாளைக்கு ஊரே கதைக்கும்."

திங்கள், காலை 8.00. ஊரை முழுதாகச் சுற்றிவர எனக்கு இருபத்திரண்டு நிமிடங்கள் ஆயின. ஆறு தெருக்கள், ஒரு தேவாலயம், ஊரிலேயே உயரமான தானியச் சேமிப்புக் கோபுரம், சித்தியின் சிறு மருத்துவமனை. அடுத்த மருத்துவர் 54 மைலுக்கு அப்பால். பெட்ரோல் நிலையத்தில் ஒரு டாலர் இருபத்தைந்து சென்ட்டுக்குக் கோப்பி வாங்கினேன். அதை நடத்தும் டேல் என்பவர், நான் வாயைத் திறக்குமுன்பே, "டாக்டரின் அக்கா மகள். சீனி இரண்டு கரண்டி. கேரல் சொன்னாள்" என்றார். கேரல் அடுத்த வீட்டுக்காரர். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். முந்தின மாலை அவர் வீட்டில் பத்து நிமிடம் தேநீர் குடித்திருந்தேன்.

செவ்வாய், காலை 10.30. சமையலறை மேடையில் மூடியுள்ள ஐந்து கண்ணாடித் தட்டங்கள் அடுக்கியிருந்தன. நான் வருவதற்கு முந்தின வாரம் சித்தி காய்ச்சலில் படுத்திருக்க, அயலவர்கள் உருளைக்கிழங்கையும் கோழியையும் சீஸ் சேர்த்துச் சுட்டு அவற்றில் கொண்டுவந்து கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் அடியிலும் வெள்ளை டேப் ஒட்டி உரியவர் பெயர் எழுதியிருந்தது. சித்திக்கு நேரமில்லை, நான் சும்மா இருந்தேன். தட்டங்களை மீண்டும் ஒருமுறை கழுவித் துடைத்து, பெயர் பார்த்து, வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தேன். எல்லோரும் நன்றி சொன்னார்கள். கேரல் மட்டும் மூடியைத் திறந்து, உள்ளே சற்று நேரம் பார்த்து, "ஓ. அப்படியா" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

மாலை 6.00. சித்தி செருப்பைக் கழற்றாமலே நாற்காலியில் அமர்ந்தார்.

"வந்த நோயாளியள் எல்லாரும் எனக்கு நன்றி சொல்லிப்போட்டுப் போகினம். டேல் கையைப் பிடிச்சு, லண்டனில குளிர் குறைவாம், நல்லா இருங்கோ எண்டு சொல்லுறார். நீ ஏதும் சொன்னனீயோ?"

"ஒண்டும் சொல்லேல்லை சித்தி. தட்டங்களைத்தான் திருப்பிக் குடுத்தனான்."

"என்ன போட்டுக் குடுத்தனீ?"

"கழுவித்தான் குடுத்தனான்."

சித்தி நெற்றியில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். மூன்றாண்டுகளில் அவர் ஒரு தட்டத்தையும் வெறுமையாகத் திருப்பியதில்லை. வடையோ ரொட்டியோ வைத்தே கொடுப்பார். அவர்கள் அதற்குப் பதிலாக இன்னொன்று சுட்டு வருவார்கள். அம்மாவும் லண்டனில் எங்கள் மனோர் பார்க்கில் அப்படித்தான் செய்வார். ஆனால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை எனக்கு ஒருபோதும் வந்ததில்லை. ஒப்பந்தம் முடிவதும் லண்டன் அழைத்திருப்பதும் ஊருக்கே தெரியும். போகிறாரா என்று கேட்பது மரியாதையல்ல என்று எவரும் கேட்காமல் இருந்திருக்கிறார்கள். வெறுந்தட்டங்களைப் பதிலாக எடுத்துக்கொண்டார்கள்.

"நான் போய்ப் பிழையெண்டு சொல்லட்டோ?"

"பிழையோ சரியோ எண்டு எனக்கே தெரியாதே, பிள்ளை" என்றார் சித்தி. அவர் சிரிப்பு நின்றிருந்தது.

அம்மா தந்த பொறுப்பை என்னை அறியாமலே பாதி முடித்திருந்தேன். மகிழ்ச்சி வரவில்லை.

வியாழன், மாலை 5.15. கேரல் அதே தட்டத்தில் செர்ரிப் பழக் கேக் கொண்டுவந்தார். வாசலிலேயே நின்றார்.

"உள்ளே வாருங்கள்" என்றார் சித்தி.

"இல்லை, நாய் தனியே இருக்கிறது. டாக்டர், அங்கே அக்கா இருக்கிறார். எங்களுக்கு விளங்கும்." பிறகு என்னைப் பார்த்து, "தட்டத்தைத் திருப்பிக் கொண்டுவந்து என்னை மறுபடியும் பயப்படுத்தாதே" என்று சிரிக்க முயன்று, விரைவாகத் திரும்பிப் போனார்.

சித்தி தட்டத்தை உயர்த்தி அடியைப் பார்த்தார். கேரல் டேப்பை உரித்திருந்தார். பெயர் இருந்த இடத்தில் நீள்சதுரமாகப் பசை மட்டும் ஒட்டியிருந்தது. இங்கே பெயர் இல்லாத தட்டம் திருப்பிக் கேட்கப்படுவதில்லை. அது பிரிபவருக்குக் கொடுப்பது.

நாங்கள் கேக்கைச் சாப்பிட்டோம். சித்தி தட்டத்தைக் கழுவினார். நெடுநேரம் துடைத்தார். பிறகு மருத்துவப் பையிலிருந்து வெள்ளை டேப்பை எடுத்து, ஒரு துண்டு கிழித்து, பழைய பசையின் மேலேயே சரியாக ஒட்டி, பேனாவால் 'கேரல்' என்று எழுதினார்.

"அக்கா தந்த மா எங்க?" என்று கேட்டார்.

வெள்ளி காலை 7.00 மணிக்கு லண்டனுக்கு மின்னஞ்சல் அனுப்பினார். 7.30க்கு அந்தத் தட்டத்தை எடுத்து, என்னையும் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். கேரல் மூடியைத் திறந்தார். தட்டத்தை வாசல் படியில் வைத்துவிட்டுச் சித்தியை அணைத்துக்கொண்டார். நாய் அதை நோக்கி வந்ததால், நான் தட்டத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு, பிற்பகல் 1.10. மனோர் பார்க் நிலையத்திலிருந்து வீட்டுக்கு ஒன்பது நிமிட நடை. எங்கள் தெருவில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் எழுபதுக்கு மேல் உள்ளன. இடப்பக்க வீட்டாரின் பெயர் எனக்குத் தெரியாது என்பதை அன்றுதான் கவனித்தேன்.

அம்மா கதவைத் திறந்ததுமே கேட்டார். "சொல்லு. வாறாளோ?"

நடந்ததை முறையாகச் சொன்னேன்: ஐந்து தட்டங்கள், கேக், உரித்த டேப், திரும்ப ஒட்டிய டேப். அம்மா சமையலறை நாற்காலியில் அமர்ந்து கேட்டார். தங்கை இனி வரமாட்டாள் என்பது அவருக்கு விளங்கிவிட்டது.

"என்ன போட்டுக் குடுத்தவள்?"

"பயற்றம் பணியாரம்."

"உடைஞ்சிருக்கும். அவளுக்குப் பாகு ஒருநாளும் சரி வாறேல்லை" என்று சொல்லி, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தொலைபேசியை எடுத்தார்.