நின்றுகொண்டே வாசித்தேன்

வயலின்காரி என்று சொன்னால் டில்லித் தமிழர்கள் "எந்த சபாவில் கச்சேரி?" என்று கேட்பார்கள், ஜாஸ் வயலின்காரி என்று சொன்னால் "ஐயோ பாவம், ஏன்?" என்று கேட்பார்கள். பகலெல்லாம் ஆபீசில் டைப் அடித்துக்கொண்டு மனசை வேறெங்கோ வைத்திருக்கும் சக துக்கிகளே, எழுபதுகளில் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

கீர்த்தனை எப்போது?

ரேடியோவில் ஜாஸ் கேட்டுக் கேட்டுப் பைத்தியம் பிடித்து, கனாட் பிளேஸ் ரெஸ்டாரண்ட் ஒன்றில் ஞாயிறு மத்தியானம் வாசிக்கும் பாண்டில் இடம் கேட்டு நானே போய் நின்றேன். பாண்டு மாஸ்டர் ரெஜி சாக்ஸபோன்காரர். பெரம்பூர் ரயில்வே காலனியில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். "வாசிச்சிக் காட்டு" என்றார். எனக்கோ பத்து வருஷக் கர்நாடக சங்கீதப் பழக்கம். செருப்பைக் கழற்றிவிட்டு மேடையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வயலின் தலையைப் பாதத்தில் ஊன்றினேன். டிரம்ஸ்காரர் குச்சியைக் கீழே போட்டுவிட்டார். முன் மேஜையில் கட்லெட் சாப்பிட்டுக்கொண்டிருந்த சர்தார்ஜி ஒருவர் பக்தியோடு கைகூப்பி, பஜனை எப்போது ஆரம்பம் என்று இந்தியில் கேட்டார்.

"பஹன்ஜி, கீர்த்தன் கப் ஷுரூ ஹோகா?"

ரெஜியின் கெடு

ரெஜி சிரிக்கவில்லை. நான் வாசித்துக் காட்டியதும், விரலில் விஷயம் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். ஆனால் தரையைப் பார்த்து வாசிக்கிறவள், தன்னோடு வாசிக்கிறவர்களின் முகத்தை எப்படிப் பார்ப்பாள்? இரண்டு மாசம் கெடு கொடுத்தார்.

"நின்னு வாசிச்சா நீ நம்ம பாண்டும்மா. குந்திக்கினா கோயிலுக்குப் போயிடு."

பஸ் ஸ்டாப்

சரோஜினி நகர் குவார்ட்டர்சில் சாதகம் ஆரம்பித்தது. நின்றால் வயலின் வழுக்கும், கழுத்து சுளுக்கும், பத்து வருஷ வித்தை போன இடம் தெரியாது. அழுகை வந்தது. அழுதேன். வயலினை மட்டும் கீழே வைக்கவில்லை. அதைத் தாடையில் இடுக்கிக்கொண்டே பீன்ஸ் நறுக்கினேன். ஆபீஸ் போகும் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்று காலைப் பழக்கினேன். அப்பா திருநெல்வேலிக்காரர். இருபது வருஷ டில்லியும் மத்திய சர்க்கார் குமாஸ்தா வேலையும் அவருடைய தமிழை அசைக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏட்டி, பஸ் வராத ஸ்டாப்புல நிக்க மாதிரி நிக்கியே. உக்காந்து வாசிச்சா சாமி கண்ணக் குத்திருமா?"

கழுத்தில் ஒரு தழும்பு

மூன்றே வாரத்தில் இடது தாடைக்குக் கீழே கன்றிப்போய் ஒரு தழும்பு. நான் டைப் அடித்த சர்க்கார் ஆபீசில் பக்கத்து சீட்டு கமலேஷ் நாலு நாள் அதையே பார்த்தாள். ஐந்தாம் நாள் கேன்டீனுக்கு இழுத்துக்கொண்டு போய், பையன் யார் என்று கேட்டாள். வயலின் என்றேன். கமலேஷ் கண்ணைச் சிமிட்டினாள்.

"அச்சா! அந்த வயலினுக்குப் பேர் என்ன?"

எட்டாவது ஞாயிறு

கெடுவின் கடைசி நாள். பாட்டின் நடுவே, தனியாக வாசி என்று ரெஜி தலையசைத்தார். அதே நேரம் வாசலில் அப்பா நிற்பது கண்ணில் பட்டது. வருகிறேன் என்று சொல்லவே இல்லை. டிரைவர் பிரேக் போடும்போது பஸ்ஸில் நிற்கிற மாதிரி ஊன்றி நின்றேன். என் விரலை விட்டுப் போகாத கமகத்தை ஒளிக்காமல் அப்படியே வாசித்தேன். ரெஜி சாக்ஸபோனை எடுத்து அதே அசைவில் பதில் சொன்னார்! முடிந்ததும், "அடுத்த சண்டே பன்னெண்டுக்கே வந்துடும்மா" என்றார்.

அப்பாவிடம் ஓடினேன். வெயிட்டர் மூன்று தடவை நாற்காலி காட்டியும் உட்காரவில்லையாம், இரண்டு மணி நேரமும் நின்றிருக்கிறார். ஏன் என்று கேட்டேன்.

"நீ நிக்கையில நான் எப்பிடிட்டி உக்காருவேன்?"

அந்த பாண்டில் பன்னிரண்டு வருஷம் நின்றுகொண்டே வாசித்தேன். உட்காருவதற்குத்தான் சர்க்கார் ஒரு நாற்காலி கொடுத்திருந்ததே.