பாதிச் சவரம்

நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். ஆனால் இதில் ஒரு வரிகூடக் கயிறு திரித்தது கிடையாது. சம்பந்தப்பட்ட சலூன்காரன் இன்றைக்கும் அதே கடையில், அதே நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்கிறான். நீங்கள் போய்க் கேட்டால் சொல்ல மாட்டான். வெட்கம்.

அந்த வெட்கம் ஒரே ஒரு சொல்லில் ஆரம்பித்தது.

வாடிக்கையாளர் ஒருவர் கண்ணை மூடித் தலையைப் பின்னால் சாய்த்திருந்தார். கழுத்தில் நுரை. இவன் கையில் கத்தி. திடீரென்று மண்டைக்குள் யாரோ பேசியது போல் இருந்தது.

'அறு.'

இவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. அந்த மனிதர்மேல் எள்ளளவும் கோபம் இல்லை. இவன் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் வாங்கித் தந்தவரே அவர்தான். எப்படியோ சவரத்தை முடித்து அனுப்பினான். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. கத்தியைத் தொட்டால் வந்தது. விரட்டினால் இரண்டு மடங்காக வந்தது. ஜெபம் பண்ணினான், உபவாசம் இருந்தான். ஜெபத்தின் நடுவிலேயே 'அறு' என்றது.

கெட்டதை மனதில் நினைத்தாலே செய்த மாதிரிதான் என்று சின்ன வயதில் ஒரு பிரசங்கத்தில் கேட்டிருந்தான். அப்படிப் பார்த்தால் அந்த நாற்காலியில் உட்கார்ந்த அத்தனை பேரையும் அவன் கொன்றாயிற்று.

சவரத்தை நிறுத்திவிட்டான். முடிவெட்டு மட்டும்தான்.

"என்ன மாப்ளே, சலூன்ல சவரம் கிடையாதா? இனிமே டீக்கடையில வெறும் வெந்நீர்தான்னு சொல்லுவாங்க போல" என்று சிரித்தார்கள் வாடிக்கையாளர்கள்.

மனைவி சிரிக்கவில்லை. "வீட்டுல காய் நறுக்கக்கூட கத்திய தொட மாட்டேங்கறீங்க. என்னதான் ஆச்சு?"

"கை வலி."

"கை வலிக்கிறவர் எதுக்கு என் முகத்தப் பாக்க மாட்டேங்கறீங்க?"

கட்டிய மனைவியிடம் சொல்லக்கூடிய விஷயமா அது?

ஆலயத்தில் திருவிருந்தின் திராட்சரசப் பாத்திரம் வரும்போது, தனக்குத் தகுதி இல்லை என்று வாய் வைக்காமல் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடுவான். கூட்டத்தில் யாருக்குத் தெரியும் என்று நினைத்தான். போதகருக்குத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் பின்னறைக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"எத்தனை நாளா தள்ளிவிடுற தம்பி?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். முழுதும் சொல்லவில்லை. அந்தச் சொல்லை மட்டும் விழுங்கிவிட்டு, 'கெட்ட நினைப்பு' என்றான். போதகர் முகம் சுளிப்பார் என்று பயந்திருந்தான். அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

"அது வரும்போது உனக்கு ஆசையா இருக்கா, பயமா இருக்கா?"

"செத்துடலாம் போல இருக்கு ஐயா."

"அப்ப அது உன்னோடது இல்ல. வாசல்ல நின்னு கத்துறவனெல்லாம் வீட்டுக்காரனா? டாக்டர் ஒருத்தர் இருக்கார், அவர்கிட்டயும் போலாம். கூட நான் வரேன். அதுக்கு முன்னாடி ஒரு வேலை. வியாழக்கிழமை சாயங்காலம் உன் கடைக்கு வரேன். எனக்குச் சவரம் பண்ணு."

"ஐயா, வேணாம்... எதாவது ஆயிடுச்சுன்னா?"

"என் கழுத்து. எனக்கில்லாத பயம் உனக்கெதுக்கு? அதுவரைக்கும் நான் முகத்துல கத்தி வைக்கிறதில்ல."

வியாழக்கிழமை வந்தது. இவனுக்குத் தைரியம் வரவில்லை. நல்ல மனிதரின் கழுத்தை வைத்துச் சோதனையா? நாலு மணிக்கே கடையைச் சாத்திவிட்டு ஓடிவிடலாம் என்று ஷட்டரைப் பாதி இறக்கினான். வெளியே நல்ல வெயில். சாவியை எடுக்கத் திரும்பினான்.

நாற்காலியில் போதகர் உட்கார்ந்திருந்தார்.

கதவில் மணி கட்டியிருந்தது. அது அடிக்கவில்லை.

"ஐயா... எப்ப வந்தீங்க?"

"ஆரம்பி."

கண்ணை மூடியிருந்தார். வெள்ளைத் தாடி முள்முள்ளாக வளர்ந்திருந்தது. ஓடிப் பிடிபட்டவனின் கூச்சத்தோடு துணியைப் போர்த்தினான். வெந்நீரில் பிரஷை நனைத்து நுரை தடவினான். யார் உட்கார்ந்தாலும் கிறீச்சிடும் நாற்காலி அது. இன்று சத்தமே இல்லை.

மின்விசிறி சுற்றியது. சுவரில் நாள்காட்டி படபடத்தது. அவர் தலையில் ஒரு முடிகூட அசையவில்லை.

வலக் கன்னத்தில் கத்தி வைத்தான். இழுத்தான். மூக்கின் கீழே இருந்த நுரையைப் பார்த்தான். மூச்சு பட்டால் நுரை லேசாக நடுங்கும். எல்லோருக்கும் நடுங்கும்.

நடுங்கவில்லை.

கன்னம் முடிந்தது. கழுத்து வந்தது.

'அறு.'

பாதிக் கழுத்தில் கத்தி நின்றது.

'அறு... அறு...'

"சொல்லு" என்றது குரல்.

உதடு அசையவில்லை.

"ஐயா..."

"சொல்லு."

"அறு... அறுன்னு சொல்லுது ஐயா!" வாய்விட்டு அழுதான். "உங்கள... உங்களயே..."

"உன் கை என்ன பண்ணுது?"

பார்த்தான். கை அப்படியே இருந்தது. கத்தி தோலைத் தொட்டபடி... பூப்போல.

மண்டைக்குள் அமைதி. எத்தனையோ நாளைக்குப் பிறகு.

டிரிங்... டிரிங்...

மேசைமேல் போன். நுரை படிந்த கையோடு எடுத்தான். போதகரின் மனைவி.

"தம்பி... ஐயா போயிட்டாருப்பா."

"எங்கம்மா?"

அழுகைதான் பதிலாக வந்தது.

திரும்பினான்.

காலி நாற்காலி. துணி மட்டும்... போர்த்திய இடத்திலேயே சரிந்து கிடந்தது.

கத்தியில் நுரை. நுரையில் வெள்ளை முடி.

போதகர் வீட்டுக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. "முகத்தத் திருத்தி விடுங்க தம்பி, உங்க கையாலதான் பண்ணிக்கணும்னு இருந்தார்" என்று அந்த அம்மா போனில் அழுகைக்கு நடுவே கேட்டிருந்ததால், சவரப் பை கையில் இருந்தது.

"காலையில டீ குடிச்சிட்டு, அசதியா இருக்குன்னு படுத்தார். தூங்கட்டும்னு சாப்பாட்டுக்குக்கூட எழுப்பல. சலூனுக்கு நேரமாச்சேன்னு எழுப்பப் போறேன்... உடம்பு சில்லுனு கிடக்கு. மதியத்துக்கு முன்னாடியே உயிர் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்."

முகத்தை மூடியிருந்த துணியை அந்த அம்மா விலக்கினார். விலக்கிய கை அந்தரத்தில் நின்றது.

இடப் பக்கம் வெள்ளைத் தாடி. வலப் பக்கம் வழவழவென்று இருந்தது. கழுத்தில் பாதி வரைக்கும்.

"இது... நான் துணி போடும்போது ரெண்டு பக்கமும் தாடி இருந்துச்சே! யார் தம்பி பண்ணது? நான் இந்த ரூமை விட்டு நகரவே இல்லையே!"

இவன் குனிந்துகொண்டான். நான்தான் என்று எப்படிச் சொல்வது? ஷட்டரை இறக்கி ஓடப் பார்த்ததையும் சேர்த்தல்லவா சொல்ல வேண்டியிருக்கும்?

மீதியை முடித்தான். கழுத்தில் கத்தி வைத்துக் காத்திருந்தான். அந்தச் சொல் வரவில்லை.

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தான். இடக் கன்னம் கல்லாகக் குளிர்ந்திருந்தது. துணி வலப் பக்கம் போனதும் நின்றான். துணியை எடுத்துவிட்டு, வெறும் கையை வைத்துப் பார்த்தான்.

அந்தக் கன்னம் மட்டும்...

வெதுவெதுப்பாக இருந்தது.

அவன் கையை எடுக்கவில்லை.