நடனக்கூடத்து அம்மன்

எங்கள் ஊரை எந்த ராஜாவும் ஆண்டதில்லை. ஆனாலும் கடற்கரைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்த அந்தக் கட்டிடத்தை எல்லோரும் அரண்மனை என்றுதான் சொன்னார்கள். பிரெஞ்சு துரைமார் விருந்தும் ஆட்டமுமாக இருந்த மாளிகை அது. அவர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போன பிறகு, இவ்வளவு பெரிய வீட்டை என்ன செய்வதென்று தெரியாமல் சர்க்கார் அதை மியூசியமாக ஆக்கியது. ஐம்பத்தாறாம் வருஷம் அங்கே எனக்கு வேலை கிடைத்தது.

வேலை என்றால் ஒரு அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது. யாராவது வந்தால் எதையும் தொடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும், சாயங்காலம் மணியடித்துப் பூட்ட வேண்டும், அவ்வளவுதான். கன்னியர் மடத்தில் பத்து வருஷம் பிரெஞ்சு படித்ததற்கு இந்த ஈ ஓட்டும் வேலைதானா என்று எனக்குக் கோபம் கோபமாக வரும். சின்ன வயதிலிருந்தே எனக்கு மூக்குக்கு மேல் கோபம். எங்கள் மேலதிகாரி, எல்லோரும் முசியே என்று கூப்பிடுகிறவர், என்னை மத்மசேல் என்பார். கல்யாணமாகாத பெண்ணை அப்படித்தான் அழைக்க வேண்டும் என்று எனக்கும் தெரியும். முப்பத்தாறு வயதில் தினமும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

எனக்கென்று இருந்தது அண்ணன் ஒருவன். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக இருந்தவன், பெண்டாட்டி பிள்ளைகளோடு பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பலேறிவிட்டான். "நீயும் வந்துடேன்" என்று ஒரு தடவை கூப்பிட்டான். இரண்டாவது தடவையும் கூப்பிடுவான் என்று நான் பிகு பண்ணிக்கொண்டேன். அவன் கூப்பிடவில்லை. அதன் பிறகு வாடகை அறை, அதைவிட்டால் அரண்மனை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் பாட்டுக்கு வாய் திறப்பதோடு சரி, மறுநாள் காலையில் காவல்காரருக்கு வணக்கம் சொல்லும்போது குரல் கட்டிப்போய்க் கரகரவென்று வரும்.

எனக்குக் கொடுத்தது பழைய நடனக்கூடம். மரத்தளம் போட்டது. சுவர் நெடுக ஆளுயரக் கண்ணாடிகள். மாளிகையிலேயே பெரிய கூடம் அதுதான் என்பதால் கற்சிலைகளையெல்லாம் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். தலையில்லாத ஒரு புத்தர், இரண்டு நந்தி, இன்னும் சில. என் நாற்காலிக்குப் பக்கத்தில், எருமைத் தலைமேல் நின்றபடி, மூக்கு உடைந்த ஒரு துர்க்கை. இவள் மட்டும் புதிதாக வந்தவள். பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் கிணறு வெட்டும்போது கிடைத்தவள் என்று முசியே சொன்னார்.

அந்தக் கிராமத்து ஜனங்கள் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். ஏழெட்டுப் பெண்கள், இடுப்பில் குழந்தைகள். வாசலில் யாரும் சொல்லாமலே செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தளத்தில் சத்தம் வராமல் நடந்து, துர்க்கைக்கு முன்னால் வந்து நின்றார்கள். நான் மூடுகிற நேரமாயிற்றே என்று கைமணியை எடுத்து ஆட்டினேன். துரைமாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட வைத்திருந்த வெள்ளி மணி அது. சத்தம் கேட்டதுதான் தாமதம், அத்தனை பேரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். ஒருத்தி தரையில் விழுந்து கும்பிட்டாள்.

"இது மூடற மணி. கிளம்புங்க" என்றேன்.

முன்னால் நின்றவள் என் வயதுக்காரி. கறுத்து, ஒல்லியாக, வெற்றிலை போட்ட வாயோடு இருந்தாள். என் வெள்ளைப் புடவையையும் இடுப்புச் சாவிக்கொத்தையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மடியிலிருந்து வாழையிலைப் பொட்டலத்தை எடுத்து என் கையில் வைத்தாள்.

"பூசாரியம்மா, நீங்க மொதல்ல எடுத்துக்குங்க. அப்பறம் எங்களுக்கு எம்மாந் தருவீங்களோ குடுங்க."

பொட்டலத்தில் சர்க்கரைப் பொங்கல். நான் பூசாரி இல்லை, வேதக்காரி என்று கழுத்துச் சிலுவையை இழுத்துக் காட்டினேன். அவள் அதைப் பார்த்துவிட்டு, "அதனால என்னம்மா? கெணத்தம்மாகிட்ட ராவும் பகலும் நீங்கதான இருக்கறீங்க?" என்றாள். ராத்திரியில் நான் இருப்பதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஒரு குழந்தை என் கையிலிருந்த பொங்கலைத் தொட்டு நக்க ஆரம்பித்துவிட்டது. வேறு வழியில்லாமல் ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக் கொடுத்தேன்.

அதிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் வந்தார்கள். நோணாங்குப்பம் வழியாக மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து, கும்பிட்டு முடித்ததும் அந்த நடனக்கூடத்திலேயே வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். நாற்றங்காலுக்குத் தண்ணீர் வராதது, மாமியார் சண்டை, கன்று போட்ட மாடு என்று எல்லாக் கதையும் எனக்கும் சொல்வார்கள். சுற்றிலும் இருந்த கண்ணாடிகளில் கூட்டம் இன்னும் பெரிதாகத் தெரியும். ஒல்லிக்காரி ஒரு தடவை என் தலையைப் பார்த்துவிட்டு, "எண்ணெ வச்சி எத்தினி நாளாவுது? பஞ்சாப் பறக்குது" என்று அதட்டினாள். அம்மா செத்த பிறகு என்னை அப்படி அதட்டியவர்கள் யாருமில்லை. அன்று ராத்திரி அறைக்குப் போய்த் தலை நிறைய எண்ணெய் தேய்த்துக்கொண்டேன்.

இருந்தாலும் மனது உறுத்தியது. பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிவிட்டேன்.

"பூசை பண்ணினாயா?" என்றார்.

"மணிதான் அடித்தேன் சாமி."

"எப்போது?"

"மூடுகிற நேரத்தில்."

"அது உன் உத்தியோகம். போய் வா" என்றார். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் சிரிப்பை அடக்கியது எனக்குக் கேட்டது. எனக்கும் அது போதுமாக இருந்தது. செவ்வாய்க்கிழமையே வெள்ளிக்கிழமையை நினைக்க ஆரம்பித்துவிடுவேன்.

ஒருநாள் முசியே துர்க்கையின் பாதத்தை விரலால் தடவிப் பார்த்தார். எண்ணெயும் குங்குமமும் ஒட்டியது. என்னைத் திட்டவில்லை, நல்ல மனிதர். "இது எத்தனையோ நூற்றாண்டுக் கல், மத்மசேல். எண்ணெய் பட்டால் பாழாகிவிடும்" என்று வருத்தமாகத்தான் சொன்னார். அடுத்த வாரமே தச்சன் வந்து அவளைச் சுற்றி மரச்சட்டம் அடித்து, நாலு பக்கமும் கண்ணாடி போட்டு மூடிவிட்டான். பழம், பூ, எண்ணெய் எதுவும் உள்ளே வரக்கூடாது என்று வாசலிலும் பலகை தொங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை அவர்கள் வந்து கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "மூச்சு முட்டாதா?" என்று ஒல்லிக்காரி என்னைக் கேட்டாள். கல்லுக்கு ஏது மூச்சு என்று பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கொண்டுவந்த பொங்கலைக் காவல்காரர் வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டதால் பங்கு போடவும் ஒன்றுமில்லை. வட்டமாக உட்காராமல், நின்றபடியே கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

அதற்கடுத்த வெள்ளிக்கிழமை யாரும் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலுக்கு எழுந்து போவேன். விறகு வண்டியாக இருக்கும். மழைக்காலமும் வந்துவிட்டது. அரண்மனையில் அந்த ஈரத்துக்கு ஒரு பூனைகூட எட்டிப்பார்க்கவில்லை. கோபித்துக்கொண்டார்களா, கண்ணாடி போட்டது நான்தான் என்று நினைத்துவிட்டார்களா, இல்லை பொங்கல் இல்லாத இடத்தில் என்ன வேலை என்று மறந்தே போனார்களா என்று எனக்குள்ளேயே கேட்டுக் கேட்டுக் கசந்துபோனேன். கண்ணாடிக்குள் துர்க்கை, வெளியே நான். அவளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

அண்ணனிடம் காட்டிய வீம்பை இவர்களிடமும் காட்டினால் இவர்களும் போய்விடுவார்கள் என்று பயம் வந்தது. வேலையில் சேர்ந்ததிலிருந்து லீவே எடுக்காதவள், ஒரு வெள்ளிக்கிழமைக்கு லீவு கேட்டேன். நான் இல்லாவிட்டால் அந்த அறைக்கு வேறு ஆள் கிடையாது, பூட்டித்தான் வைப்பார்கள். முசியே தோளைக் குலுக்கிவிட்டு, சரி என்றார்.

கடலூர் பஸ்ஸில் ஏறி, இறங்கி, சேற்றில் வரப்பு வரப்பாக நடந்து, விசாரித்து விசாரித்துப் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சேர்த்துக்கொண்டே போனேன். 'எனக்கு யாருமில்லை, நீங்கள் வந்துகொண்டிருந்ததுதான் எனக்கு எல்லாமே, அம்மனுக்காக இல்லாவிட்டாலும் என்னைப் பார்க்க வாருங்கள்.' இதைக் கேட்க இனி வெட்கப்படுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

எல்லோரும் வயலில் நடவில் இருந்தார்கள். ஒல்லிக்காரி என்னைக் கண்டதும் கையிலிருந்த நாற்று முடியை அப்படியே போட்டுவிட்டு, முழங்கால் சேற்றோடு ஓடிவந்தாள். "பூசாரியம்மா வந்துக்கீறாங்க!" என்று அவள் போட்ட கூச்சலில் வயலே நிமிர்ந்தது. சேற்றுக் கையால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

அவள் முகம் திடீரென்று மாறியது.

"இன்னிக்கி வெள்ளிக்கெழமயாச்சே. அவகிட்ட யாரு இருக்கறாங்க?"

"யாருமில்ல. பூட்டியிருக்கு."

"தனியாவா வுட்டுட்டு வந்தீங்க?"

மற்றவர்களும் கரையேறி வந்து சூழ்ந்துகொண்டார்கள். யாரும் என்னிடம் கோபப்படவில்லை. பதறினார்கள். "நடவு வந்துட்டுது, வண்டிமாடு ஏருல கெடக்குது. எப்பிடி வர்றது? கண்ணாடிக்குள்ள இருந்தாலும் நீங்க கூட இருக்கறீங்களேன்னுதானம்மா நாங்க நிம்மதியா இருந்தோம்" என்றாள் ஒல்லிக்காரி. என்னை நம்பித்தான் அவர்கள் வராமல் இருந்திருக்கிறார்கள்.

உட்காரக்கூட விடவில்லை. ஒரு செம்பு கூழை நின்றபடியே குடிக்க வைத்து, ஏரிலிருந்து மாட்டை அவிழ்த்து வண்டியில் பூட்டி என்னை ஏற்றிவிட்டார்கள். "அடுத்த பஸ்ஸ வுட்டுறாதீங்க. பொழுது சாயறதுக்குள்ள அவகிட்ட போயிடுங்க" என்று ஒல்லிக்காரி வரப்பு முடிகிறவரை வண்டியோடு நடந்துவந்தாள். மனதுக்குள் சேர்த்துக்கொண்டு போனதில் ஒரு வார்த்தையும் அவளிடம் நான் சொல்லவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கையில் காய்ந்த சேற்றைப் பார்த்துக்கொண்டே ஊர்வந்து சேர்ந்தேன். ஒரு பொழுது தனியாக இருக்கிறாளே என்று ஒரு ஊரே பதறுகிற அந்தக் கல்லின்மேல் எனக்கு அவ்வளவு பொறாமையாக இருந்தது.