சந்திரா காட்டிய விடுபட்ட அத்தியாயம்

"மாஸ்டர், உவள் எந்தப் பக்கத்தில திருந்தினவள்?"

எங்கள் சனிக்கிழமை வாசிப்பு வட்டத்தில் சந்திரா என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. சென்ற செவ்வாய்க்கிழமை காலை அவருடைய கணவர் தொலைபேசியில், "சந்திரா போயிட்டா, மாஸ்டர்" என்றபோது இதுதான் நினைவுக்கு வந்தது. ஐம்பத்து மூன்று வயது. நோய் இருப்பது வட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இவ்வளவு விரைவில் என்று தெரியாது.

அவர் கேட்டது ஒரு பழைய ஆங்கில நாவலின் நாயகியைப் பற்றி. பெற்றோரை இழந்து மாமன் வீட்டில் வளரும் சிறுமி. மாமனின் கடிகாரத்தை உடைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள். பழி வேலைக்காரப் பெண்மீது விழுகிறது, அவளுடைய வேலையும் போகிறது. புலம்பெயர்வதற்கு முன் ஊரில் அந்த நாவலைப் பல வருடம் படிப்பித்தவன் நான். யோசிக்காமலே விடை சொன்னேன்: மாமனிடம் உண்மையை ஒப்புக்கொள்ளும் இடத்தில்.

"அப்ப அதுக்குப் பிறகு தெருவில அந்த வேலைக்கார மனுசியைக் கண்டிட்டு ஏன் முகத்தைத் திருப்பினவள்?"

அப்படியொரு காட்சியே இல்லை என்றேன், கொஞ்சம் அழுத்தமாகவே. சந்திரா வாதாடவில்லை. நூலகத்தில் எடுத்த தடித்த புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். அந்தக் காட்சியோடு ஒரு முழு அத்தியாயம் இருந்தது. நான் படிப்பித்ததெல்லாம் பள்ளிக்கூடங்களுக்காகச் சுருக்கிய பதிப்பு. சுருக்கியவர் வெட்டியதை நான் தேடிப் பார்க்கவேயில்லை. "மாஸ்டருக்கு இண்டைக்கு மார்க்ஸ் இல்லை" என்றார் சந்திரா. எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

அன்று பஸ் தரிப்பிடம்வரை ஒன்றாக நடந்தபோது தன் கதையைச் சொன்னார். பிறம்ரன் நகரில் அவர் வேலை செய்த சரக்குக் களஞ்சியத்தில் ஒருநாள் பெட்டிகளில் லேபலை மாற்றி ஒட்டிவிட்டார். சரக்கு வேறு ஊருக்குப் போய்விட்டது. பக்கத்தில் நின்று வேலை செய்த கோமதி என்ற தமிழ்நாட்டுப் பெண்ணின் பிழை என்று நினைத்து, மேற்பார்வையாளர் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். சந்திரா வாய் திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்து மேற்பார்வையாளரிடம் உண்மையைச் சொன்னார். அவர் தலையாட்டினார், அவ்வளவுதான். கோமதியை யாரும் திருப்பிக் கூப்பிடவில்லை.

"நானும் மாமனிட்டை மட்டும்தான் சொன்னனான், மாஸ்டர்."

சொன்னதே பெரிய விஷயம் என்று ஆறுதல் கூறினேன். பாதி விடை எழுதிய பிள்ளைக்குப் பாதிப் புள்ளி போட்டுப் பழகிய கை. அவர் என்னைப் பார்த்து, "ஆரிட்டைச் சொன்னது எண்டது முக்கியமில்லையோ?" என்று கேட்டார். அதில் புலம்பல் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அடுத்த மாதம், பழைய வேலைத்தோழிகளிடம் விசாரித்து, ஒஷாவாவில் கோமதி இருந்த வீட்டுக்குத் தனியாகப் போனார். திரும்பி வந்தபோது, கோமதி மன்னித்தாரா என்று கேட்டேன். "அதை நான் கேக்கேல்லை, மாஸ்டர். சொல்லத்தான் போனனான்." கோமதி வாசலில் நின்றபடியே முழுவதையும் கேட்டிருக்கிறார். "இப்ப வந்து சொல்றீங்களேக்கா" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். "தேத்தண்ணியும் தரேல்லை" என்று சந்திரா சிரித்தார். "நான் எண்டாலும் தந்திருக்கமாட்டன்."

நாவலின் முழுப் பதிப்பில் சிறுமி கடைசியில் வேலைக்காரப் பெண்ணைத் தேடிப் போவாள்; அவள் கதவைத் திறந்ததும் ஒரு கணமும் தயங்காமல் சிறுமியை அணைத்துக்கொள்வாள். அந்த இடத்தைப் பிரதியெடுத்து, ஓரத்தில் பென்சிலால் எழுதி சந்திரா என்னிடம் தந்தார்: "கதவு இவ்வளவு கெதியாத் திறக்காது."

இறுதிச் சடங்கு மண்டபத்தில், கடைசி வரிசையில் தனியாக ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். சந்திராவை எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒண்ணா வேலை பாத்தோம், சார்" என்றார். பெயர் கோமதி. பெட்டியை மூடும்வரை அவர் போகவில்லை.

பென்சில் எழுத்துள்ள அந்தப் பிரதி இப்போது என்னிடம் இருக்கிறது. சந்திராவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அதையும், "ஆரிட்டை?" என்ற கேள்வியையும்தான்.

அவரை அறிந்தவர்களுக்கு ஒரு சிறு வேலை தருகிறேன். உங்களுக்குப் பிடித்த நாவல் ஒன்றை எடுங்கள். அதில் தவறு செய்தவர் யாரிடம் போய்ச் சொன்னார், யாரிடம் சொல்லவில்லை என்று தேடிப் பாருங்கள்.