பத்லாபூரில் வீடு பிடித்துக் கொடுத்த அக்கா

போன செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குப் போகும் ரயிலில் இருந்தபோது பாட்டீல் போன் செய்தார். ஞானசெல்வம் அக்கா குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் அவர். "உங்க அக்கா கதவைத் திறக்கவில்லை" என்று இந்தியில் சொன்னார். கல்யாணில் இறங்கித் திரும்பினேன். அக்கா தூக்கத்திலேயே போய்விட்டிருந்தார்கள்.

திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, மணமாகி மும்பையில் தாராவிக்கு வந்தவர்கள். கணவர் சீக்கிரமே இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் வாடகை கட்டுப்படியாகாத நம் ஆட்களுக்கு, கல்யாணைத் தாண்டி பத்லாபூரில் வீடு பிடித்துக் கொடுப்பதுதான் அவர்கள் தொழில். எந்தக் கட்டடத்தில் கோடையிலும் தண்ணீர் வரும், எந்தத் தெருவில் மழை நிற்கும் என்பதெல்லாம் மனப்பாடம். ஸ்டேஷனிலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் தாமே நடந்து பார்ப்பார்கள். "மத்த ஏஜெண்டு பத்து நிமிசம்பான். சாயங்காலம் பையத் தூக்கிட்டு வாற பொம்பளைக்கு அது இருவது நிமிசம்லா" என்பார்கள்.

பன்னிரண்டு வருடங்களுக்கு முன், கணவரைப் பிரிந்து, நான்கு வயது மகளோடு அவர்களிடம் போனேன். முதல் வீட்டுக்காரர் கணவர் எங்கே என்று கேட்டதும், துபாயில் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் கையை அழுத்திவிட்டு, "புருஷன் இவளோடு இல்லை. வேலை இருக்கிறது, பிள்ளை இருக்கிறது" என்று தமக்குத் தெரிந்த இந்தியில் சொல்லிவிட்டார்கள். வீடு கிடைக்கவில்லை. படியிறங்கும்போது கோபித்துக்கொண்டேன்.

"ஏட்டி, அந்தப் பொய்ய உன் மகளுக்கும் சொல்லிக் குடுக்கணும். நாலு வயசுப் பிள்ள எத்தன நாளு அதைக் காப்பாத்தும்?" என்றார்கள்.

அன்று இன்னும் நான்கு வீடுகளில் மறுத்தார்கள். பொழுது சாயும் நேரத்தில், ஓய்வுபெற்ற மராட்டி ஆசிரியை ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் மகளுக்குத் தண்ணீர் கொடுத்தார். பிறகு சாவியை எடுத்து வந்தார். இன்றும் அந்த வீட்டில்தான் இருக்கிறோம்.

மூன்று வருடங்களுக்கு முன் அக்காவின் தாராவி அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். எத்தனையோ குடும்பங்களைக் குடியேற்றியவர்களுக்கு ஒரு வீடு அமையவில்லை. எழுபது வயது, தனியாள். ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு என்று வீட்டுக்காரர்கள் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். அவர்களோடு நானும் அலைந்தேன். ஒரு நாள் பாட்டீல் வீட்டு வாசலில் அக்கா என்னை நிறுத்தி, மெல்லிய குரலில் கேட்டார்கள்.

"உன்னைய என் மகள்னு சொல்லிருவமா பிள்ள?"

அவர்கள் தளர்ந்து நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

"வேண்டாம்க்கா. நான் பேசுதேன்" என்றேன்.

உள்ளே போய், "நான் இவர்களுக்கு மகள் இல்லை, சொந்தமும் இல்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறேன். எந்த நேரம் எதுவானாலும் என்னைக் கூப்பிடுங்கள், வருவேன்" என்றேன். பாட்டீல் என் போன் நம்பரை எழுதிக்கொண்டார். "அடுத்த வாரம் குடிவரச் சொல்லுங்கள்" என்றார். வெளியே வந்ததும் அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஸ்டேஷன் வரை அப்படியே நடந்தார்கள்.

புதன்கிழமை அடக்கம். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை, படிக்கட்டு ஒடுக்கம். இரண்டாம் மாடியிலிருந்து பெட்டியை இறக்கும்போது, அக்காவால் பத்லாபூருக்கு வந்த குடும்பங்கள் தெருமுனை வரை நின்றிருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் யாராவது ஒருவர் கை கொடுத்தார். பெட்டி எங்கும் இடிக்கவில்லை. முன்பக்கம் தாங்கி, பின்னோக்கிப் படி இறங்கியவர் பாட்டீல்.

போய் வாருங்கள், அக்கா.