ஒரு கண்ணுக்கு மட்டும்

கிளினிக் கவுண்டரில் உட்காரும் அக்காவுக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் கிடையாது. தலையணையில் தலை பட்டால் போதும், வீட்டைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த தெருவில் வைத்தாலும் அவளுக்குத் தெரியாது. அவள் கணவன் மர பீரோவும் கட்டிலும் விற்கும் கடையில் வேலை பார்ப்பவன். "உன் பக்கத்துல ஒரு பீரோவைப் படுக்க வெச்சா, அதுவாச்சும் நடுவுல ஒரு தடவை கிறீச்சுங்கும்" என்பான்.

ஆனால் முகம் இருக்கிறதே, அது மூன்று ராத்திரி கண் விழித்த முகம். கண்ணுக்குக் கீழே பக்கத்துக்கு ஒரு பள்ளம், பள்ளத்துக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் ஒரு நிழல். அப்பா வழிச் சொத்து. அந்த மனுஷன் வேறு எதையும் எழுதிவைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் ஆந்தை என்றார்கள். கல்யாணத்தன்று ஃபோட்டோக்காரர், "பொண்ணு ரொம்ப அழுதிருக்கு, கொஞ்ச நேரம் விட்டுப் பிடிப்போம்" என்று கேமராவைக் கீழே வைத்தார். அதுவரை அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

மூன்றாவது மாடியில் இருந்த தோல் கிளினிக்கின் முன் கவுண்டரில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷம். சும்மா சொல்லக் கூடாது, அந்த நாற்காலியில் அவள் ராணி. லிஃப்ட் கதவு திறக்கும் முன்பே செருப்புச் சத்தத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடுவாள். ஒரே வீட்டின் அண்ணியும் நாத்தனாரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் முகத்தைச் சரிசெய்துகொள்ள வந்தார்கள். ஆறு வருஷம் இரண்டு பேரையும் ஒரே நாளில் படியேற விடாமல் பார்த்துக்கொண்டவள் அவள். ஊசி என்றதும் மயங்கி விழும் தடியர்களுக்கு எந்தப் பக்கம் நாற்காலி போட வேண்டும் என்பதுகூட அவளுக்கு அத்துப்படி.

அப்போதுதான் புது மேனேஜர் வந்தான். சட்டைப் பொத்தான்கள் எந்த நேரமும் தெறித்துவிடும்போல இறுக்கமாக உடுத்துகிறவன்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க."

இப்படி ஆரம்பிக்கிற எதையும் சரியாக எடுத்துக்கொண்டவர் உலகத்தில் இல்லை.

"வர்றவங்க மொதல்ல பாக்குறது உங்க முகத்தை. கண்ணுக்குக் கீழ பள்ளம் இருந்தா ஃபில்லர் போட்டு ரொப்புறோம்னு வாசல்ல போர்டு. உள்ள வந்தா நீங்க. வழுக்கைத் தலையன் முடி வளர்ற எண்ணெய் வித்தா எவன் வாங்குவான்?"

"அதுக்கு என் தலையை எங்க வைக்கச் சொல்றீங்க?"

"பின்னாடி ஃபோன் ரூம்ல. அங்க முகம் தேவையில்ல. கொரல் போதும். உங்க கொரல் பிரமாதம்."

ஃபோன் ரூம் என்பது மருந்து ஃப்ரிட்ஜுக்கும் தரை துடைக்கும் வாளிக்கும் நடுவில் ஒரு பொந்து. ஜன்னல் கிடையாது. அங்கே போனால் யாருடைய செருப்புச் சத்தமும் கேட்காது. அக்கா நேராக டாக்டரம்மாவிடம் போய் நின்றாள்.

டாக்டரம்மா அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். "அடுத்த வாரம் புது டாக்டர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். ஒரு முகம் வேணும். உனக்கே போட்டுடலாம்மா. நாற்காலியும் நிலைக்கும், பள்ளமும் போயிடும்."

அது என்ன, எப்படி என்று ஆயிரம் பேருக்கு அக்காவே விளக்கியிருக்கிறாள். எலும்பை ஒட்டி ஒரு ஜெல்லை மெல்ல ஏற்றுவார்கள். பள்ளம் மேலே வரும். ஒரு வருஷமோ ஒன்றரை வருஷமோ நின்று, பிறகு தானாகக் கரையும். நீட்டிய காகிதத்தில் அக்கா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பன்னிரண்டு வருஷமாக எல்லோரிடமும் "படிச்சிட்டுப் போடுங்க" என்று சொன்ன அதே காகிதம்.

ஆறு இளம் டாக்டர்கள் சூழ்ந்து நிற்க, மரத்துப்போகும் க்ரீம் தடவி, இடது கண்ணுக்குக் கீழே ஏற்றினார்கள். வலி பெரிதாக இல்லை. பல் கூசுவதுபோல் ஒரு கூச்சம். கண்ணாடியைக் கொடுத்தார்கள். இடது பக்கத்தில் அவள் பார்த்தே இராத ஒருத்தி இருந்தாள். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்து, யாரோடும் சண்டை இல்லாத ஒருத்தி.

"இன்னொரு கண்ணு டாக்டர்?"

"அது ஒரு மாசம் கழிச்சு. ரெண்டையும் ஒண்ணாப் போட்டா எதை எதோட ஒப்பிடுறது?"

மறுநாளிலிருந்து மேனேஜருக்கு அவள் செல்லப்பிள்ளை. கவுண்டருக்கு மேலே புது விளக்கு மாட்டினான். வருகிறவர்களிடம், "எங்க அக்காவுக்கு எந்தக் கண்ணுல போட்டிருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்று விளையாட்டுக் காட்டினான். ஒரு அம்மாள் தன் கைப்பையாலேயே அக்காவின் பாதி முகத்தை மறைத்து, பிறகு அடுத்த பாதியை மறைத்து, சேலைக்கடையில் நிறம் பார்ப்பதுபோல் பார்த்தாள். "ஐயையோ, இந்தப் பக்கம் பத்து வயசு கூட!" என்றாள். அக்கா சிரித்தாள். சிரித்தால் இடது பக்கம் தாமதமாகச் சேர்ந்துகொண்டதுபோல் அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் கணவன் சாப்பிடும்போது அவளுக்கு இடப்பக்கம் வந்து உட்கார ஆரம்பித்தான்.

"என்ன, இடம் மாறிட்டீங்க?"

"டிவி இங்கேருந்துதான் நல்லாத் தெரியுது."

டிவி வலப்பக்கம் இருந்தது. அக்கா தட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

ஒரு மாசம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. கேட்கும்போதெல்லாம், அவளுடைய இரண்டு கண்ணையும் ஒப்பிட்டுக் காட்டும் போஸ்டர் அச்சாகட்டும் என்றார்கள். போஸ்டர் அச்சாகி லிஃப்டுக்குள்ளேயே ஒட்டியும் விட்டார்கள். தினமும் காலையில் அவள் தன் முகத்தோடுதான் மாடி ஏறினாள். இதற்குள் ஏற்றிய ஜெல் தண்ணீர் பிடிக்கத் தொடங்கியிருந்தது. காலையில் இடது கண் உப்பிக்கொள்ளும், மத்தியானத்துக்குள் கொஞ்சம் வடியும், போகப் போக வடிவதும் நின்றுவிட்டது. வலது கண் சோகம், இடது கண் வீக்கம். இரண்டும் ஒரே ஆளுடையதுதானா என்று சந்தேகம் வரும்.

ஐந்தாம் மாசம் டாக்டரம்மாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"ஒண்ணு, அந்தக் கண்ணுக்கும் போடுங்க. இல்லன்னா இதைக் கரைச்சிடுங்க. கரைக்கிற ஊசி இருக்குன்னு நாந்தானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கேன்."

"கரைக்கணுமா?" டாக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. "நல்லதாப் போச்சும்மா! கரைக்கிறதுக்கும் ஒரு வகுப்பு எடுக்கலாம்னு இருந்தேன். வீக்கம் இப்படியே இருக்கட்டும், கை வைக்காதே. அடுத்த மாசம்தான் கேமரா ஆளு வர்றாரு."

அக்கா வெளியே வந்தாள். பேனா மூன்று, தண்ணீர் பாட்டில், நாற்காலி முதுகில் கிடந்த சால்வை. எடுத்துக்கொண்டு படி வழியாக இறங்கினாள். லிஃப்டுக்குள் அந்தப் போஸ்டரோடு தனியாக நிற்கத் தெம்பில்லை.

பத்து நாள் கழித்து, இரண்டு தெரு தள்ளி ஒரு குழந்தைகள் கிளினிக்கில் கவுண்டருக்கு ஆள் கேட்டார்கள். அதை நடத்தும் அம்மாள் அவள் பேச்சைக் கேட்டே மயங்கிவிட்டார்.

"பன்னெண்டு வருஷ அனுபவமா! நாளைக்கே வந்துடுங்க. உங்களை மாதிரி ஆளைத்தான் முன்னாடி உக்கார வைக்கணும்." பிறகு சற்றுக் குனிந்து பார்த்தார். "ஆமா, இடது கண்ணுல என்னங்க? பூச்சி கடிச்சிருச்சா?"

அக்காவின் கை தானாக வலது கண்ணுக்குக் கீழே போனது.

"அது நல்லாத்தான் இருக்கு" என்றார் அந்த அம்மாள். "இந்தப் பக்கம்தான் உப்பியிருக்கு."

பிறந்ததிலிருந்து அந்தக் கண்ணை நன்றாக இருக்கிறது என்று சொன்ன முதல் ஆள். சொன்ன நேரம்தான் சரியில்லை.

"பூச்சிதாங்க" என்றாள் அக்கா.

"அப்ப வத்துற வரைக்கும் உள்ள இருந்து ஃபோன் எடுங்க. பெத்தவங்க பாத்துட்டு ஒட்டிக்கிற நோயோன்னு பயப்படுவாங்க. ஒரு வாரத்துல வத்திரும்ல?"

இன்னும் ஒரு வருஷம் ஆகலாம். யார் கேட்டாலும் அதைத் தயங்காமல் சொல்லக்கூடியவள் அவள்.

"வத்திரும்" என்றாள்.

உள்ளறை நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. பழைய சீட்டு ஒன்றை நாலாக மடித்து அடியில் செருகி, ஆடவில்லை என்று பார்த்துவிட்டு, அடித்துக்கொண்டிருந்த ஃபோனை எடுத்தாள்.